செட்டிநாட்டு ராணுவ சிக்னல்காரர்களின் ஓராண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான், திருமயம் பக்கங்களில் வாழும் ஓய்வு பெற்ற ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவினர் சேர்ந்து ஒரு வட்டமாக இயங்கி வருகிறோம். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். நான் இருபத்தெட்டு ஆண்டுகள் வயர்லெஸ் ஆப்பரேட்டராக இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். கல்யாண வீட்டிலும் கேன்டீன் வரிசையிலும் பலர் கேட்ட கேள்விகளையும், சிலர் கேட்கத் தயங்கியதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சிக்னல் என்றால் ரயில்வே சிக்னலா?

இல்லை. என் மாமனாரே என் கல்யாணம் முடிந்து இரண்டு ஆண்டுகள்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இந்திய ராணுவத்தில் ‘கோர் ஆஃப் சிக்னல்ஸ்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1911 பிப்ரவரி 15 அன்று உத்தரப் பிரதேசத்து ஃபதேகரில் இரண்டு சிக்னல் கம்பெனிகளாகத் தொடங்கியது. முன்னணியில் இருப்பவன் சொல்வதைப் பின்னால் இருப்பவனிடமும், பின்னால் இருப்பவனின் கட்டளையை முன்னணிக்கும் கொண்டுசேர்ப்பது அதன் வேலை. வயர்லெஸ் ஆப்பரேட்டர், கம்பி இழுக்கும் லைன்மேன், கருவியைப் பழுது பார்க்கும் மெக்கானிக், மோட்டார் சைக்கிளில் கடிதப் பையோடு பறக்கும் டெஸ்பாட்ச் ரைடர் என்று பல டிரேடுகள் உண்டு. சிப்பாய்களுக்குப் பயிற்சி ஜபல்பூரிலும் கோவாவிலும் நடக்கிறது. அதிகாரிகளுக்கு மத்தியப் பிரதேசத்து மாவ் நகரில் கல்லூரி இருக்கிறது. எங்கள் முழக்கம் ‘தீவ்ர சௌகஸ்’. விரைவும் விழிப்பும் என்று பொருள்.

சண்டையில் சிக்னல்காரன் துப்பாக்கியைவிடக் கருவியைத்தான் அதிகம் பிடித்திருப்பான். அதனால் ஊரில் வந்து சொல்வதற்கு எங்களிடம் பெரிய வீரக்கதை இருக்காது. “செய்தி போய்ச் சேர்ந்தது” என்பதுதான் எங்கள் கதை.

செட்டிநாட்டில் இதற்கு என்ன அவசியம்?

இந்தப் பகுதியின் அமைப்பைப் பாருங்கள். இங்கே ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிறது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அத்தனை பெரிய வீட்டில் ஒரே ஒரு முதியவர் இருப்பார், அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆள் இருப்பார். தடித்த சுவர்களுக்குள்ளே கைபேசி சரியாக எடுப்பதில்லை. முகப்பில் அடிக்கும் மணி அடுப்படியில் கேட்காது.

எங்கள் ஆட்களில் பலர் அப்படிப்பட்ட வீடுகளில் தனியாகத்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் செய்தியைக் கொண்டுசேர்த்தவர்கள், தங்கள் குரல் யாருக்கும் எட்டாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டம் தொடங்கியது இதற்காகத்தான். மற்ற எல்லாம் பிறகு சேர்ந்தவை.

புதன்கிழமை இரவு நீங்கள் எல்லோரும் போனில் என்ன பேசுகிறீர்கள்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு புதன்கிழமையும் இரவு எட்டு மணிக்கு ‘நெட்’ நடத்துகிறோம். ராணுவத்தில் ஒரே அலைவரிசையில் இருக்கும் நிலையங்களின் கூட்டத்துக்கு அதுதான் பெயர். இங்கே எல்லோரிடமும் வயர்லெஸ் உரிமம் இல்லை என்பதால் தொலைபேசிவழிக் கூட்டழைப்பில் நடத்துகிறோம். நடைமுறை மட்டும் பழைய நடைமுறை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. நெட்டை நடத்துபவர் எண்ணைச் சொல்லி அழைப்பார். “பதினேழு, நலம், ஓவர்” என்று சொன்னால் போதும். ‘ஓவர்’ என்றால் என் பேச்சு முடிந்தது, உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று பொருள். ‘அவுட்’ என்றால் பேச்சே முடிந்தது என்று பொருள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அதில் அர்த்தம் கிடையாது. புதிதாக வருபவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

பதில் சொல்லாதவரை வரிசை முடிந்ததும் மீண்டும் அழைப்போம். அப்போதும் பதில் இல்லை என்றால் அவர் வீட்டு எண்ணில் மூன்று முறை அழைப்போம். அதற்கும் பதில் வராவிட்டால் மிக அருகில் இருக்கும் உறுப்பினர் ஒரு மணி நேரத்துக்குள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மழையாக இருந்தாலும், திருவிழாவாக இருந்தாலும், “அவர் தூங்கியிருப்பார்” என்று தோன்றினாலும் போகத்தான் வேண்டும்.

ஒரு ஐப்பசி மாதத்தில் நான் நெட் நடத்திக்கொண்டிருந்தேன். எங்களில் ஒரு பழைய லைன்மேன் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு தனியாக இருப்பவர். ஒரு வாரம்கூடத் தவறியவர் இல்லை. அன்று பதில் வரவில்லை. மூன்று முறை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்த, நாயக் பதவியில் ஓய்வு பெற்ற ஓர் உறுப்பினர், மழையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். முகப்புக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். அங்கே கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே வளவு முற்றத்தில் மழைத் தண்ணீரில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார் மனிதர். கைபேசி முகப்புத் திண்ணையில் இருந்தது.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “மூன்று தடவை மணி அடித்தது கேட்டது சாப். அடுத்து ஆள் வரும் என்று தெரியும். அதனால் கத்தவில்லை” என்றார். அந்த வாரத்துக்குப் பிறகு இந்த விதியைத் தளர்த்தலாமா என்று யாரும் கேட்டதில்லை.

ஆண்டு எப்போது தொடங்குகிறது?

எங்களுக்குப் பிப்ரவரி 15. எங்கள் படைப்பிரிவு பிறந்த நாள். அன்று காலையில் எல்லோரும் கூடுகிறோம். மறைந்தவர்களின் எண்களைச் சொல்லி அழைக்கிறோம். பதில் வராது. ஒரு நிமிடம் காத்திருக்கிறோம். அந்த எண்ணை வேறு யாருக்கும் தருவதில்லை. பிறகு பந்தி. வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும் கட்டாயம் இருக்கும். அடுப்படிப் பொறுப்பை ஏற்கும் ஆச்சிமார் இருவர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் அன்று கட்டளை.

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், 15 ராணுவ தினம். தை பிறக்கும் நேரத்தில் எங்கள் ஊரில் யாரையும் பொங்கல் பானையை விட்டு இழுக்க முடியாது. அதனால் அவை இரண்டையும் வீட்டிலேயே நினைத்துக்கொள்கிறோம். டிசம்பர் 7 கொடி நாள் நிதிக்கு மட்டும் தவறாமல் பள்ளிகளுக்குப் போகிறோம்.

மாதக் கூட்டத்தில் என்ன நடக்கும்?

இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கானாடுகாத்தானில் ஓர் உறுப்பினரின் உறவினர் வீட்டில் கூடுகிறோம். ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு தொழில்நுட்ப விஷயம். அரை மணி நேரம் ஓய்வூதியம், மருத்துவம். மீதி பேச்சு.

தொழில்நுட்பப் பகுதியை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வயதானவர்களுக்கு இனி எதற்குப் பாடம் என்று சிலர் கேட்கிறார்கள். மூளை சும்மா இருந்தால் துருப்பிடிக்கும், கருவியைப் போலவே. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது எங்களுக்குப் பெரிய பேறு. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய நிலையம் அது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒரு முறை வந்து பேட்டரிகளைப் பற்றிப் பேசினார். லித்தியம் பேட்டரியை நீண்ட நாள் எடுத்து வைக்கும்போது முழுக்க ஏற்றியும் வைக்கக்கூடாது, முழுக்கத் தீர்த்தும் வைக்கக்கூடாது, பாதி அளவு சார்ஜோடு குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்றார். ஈய அமில பேட்டரிக்கு இதற்கு நேர்மாறு. அதைத் தீர்ந்த நிலையில் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். வாழ்நாள் முழுவதும் பேட்டரியைத் தோளில் சுமந்த நாங்கள் காரணம் தெரியாமலேதான் சுமந்திருக்கிறோம். அன்று கேள்விகள் ஓயவில்லை. சாப்பாடு மூன்று மணிக்குத்தான் நடந்தது.

ஹாம் ரேடியோ உரிமம் எடுக்க வேண்டுமா? ராணுவத்தில் இயக்கியவருக்கும் தேர்வு உண்டா?

உண்டு. ராணுவ அனுபவம் உரிமம் ஆகாது. ஹாம் என்கிற பொழுதுபோக்கு வானொலி நிலையம் நடத்த மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுத வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் எழுதலாம். இரண்டு நிலைகள் இருக்கின்றன. கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு, எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் மோர்ஸ் குறிமுறை தேவையில்லை. பொது நிலைக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். எங்களில் ஏழு பேர் உரிமம் வைத்திருக்கிறோம்.

நம் நாட்டில் ஹாம் இயக்கத்துக்கும் எங்கள் படைப்பிரிவுக்கும் பழைய உறவு இருக்கிறது. 1948 மே 15 அன்று இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கம் தொடங்கப்பட்டது மாவ் நகரத்து சிக்னல் பள்ளியில்தான்.

இந்த அலைவரிசைகளில் வணிகப் பேச்சு கூடாது. ரகசியக் குறிமொழியும் கூடாது. யாரும் கேட்கலாம் என்ற நினைப்போடுதான் பேச வேண்டும்.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 144 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவியின் அலை நேர்க்கோட்டில் போவது. நம் சமவெளியில் தரையில் நின்று பேசினால் சில கிலோமீட்டர்தான் போகும். அதையே குன்றக்குடி மலை உயரத்திலிருந்து பேசினால் தொலைவு பல மடங்காகும். அதற்கும் அப்பால் பேச 7 மெகாஹெர்ட்ஸ் அலை வேண்டும். அது மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். அதற்கான ஏரியலுக்குச் சுமார் 20 மீட்டர் கம்பி போதும். கண்மாய்க் கரையில் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே கட்டிவிடலாம். நடுவில் வெட்டி இரண்டு பாதியாக்கி, அங்கிருந்து கேபிளை இறக்க வேண்டும். இதை நாங்கள் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே கட்டுகிறோம். கம்பி மேலே ஏறி, முதன்முதலாக எங்கோ ஒரு ஊர்க் குரல் இரைச்சலுக்கு நடுவே வரும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மோர்ஸ் எல்லாம் வழக்கொழிந்துவிட்டதே, ஏன் கற்றுக்கொடுக்கிறீர்கள்?

தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது உண்மை. ஆனால் மோர்ஸ் நிற்கவில்லை. குரல் புரியாத இரைச்சலிலும் மோர்ஸின் டிட், டா காதில் விழும். சிறிய மின்சக்தியில் வெகுதூரம் போகும். டார்ச் விளக்கால் அனுப்பலாம், சுவரில் தட்டி அனுப்பலாம்.

எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பயிற்சி முடித்து முதல் யூனிட்டில் சேர்ந்ததும், நலமாக வந்து சேர்ந்தேன் என்று அம்மாவுக்கு ஒரு தந்தி கொடுத்தேன். கடிதம் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி வழியாக வந்து சேரப் பத்து நாள் ஆகும், அதுவரை அம்மா கவலைப்படுவாளே என்று நினைத்தேன். எங்கள் தெருவில் தந்தி என்றால் சாவுச் செய்தி என்று மட்டும்தான் தெரியும். தந்திச் சேவகரின் சைக்கிளைக் கண்டதுமே அம்மா திண்ணையில் விழுந்துவிட்டாள். தெருவே கூடி அழுதது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த வாத்தியார் வந்து படித்துச் சொல்ல முக்கால் மணி நேரம் ஆயிற்று. விடுமுறையில் வந்தபோது அம்மா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். செய்தி சரியாகத்தான் போயிருந்தது. வாங்குகிறவர் நிலையை நான் நினைத்துப் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுக்கும்போது இந்தக் கதையையும் சொல்கிறேன்.

புயல் வந்தால் உங்களால் என்ன செய்ய முடியும்?

பெரிதாகச் சொல்ல மாட்டேன். மீட்புப் பணி அரசும் தீயணைப்புத் துறையும் பேரிடர் மீட்புப் படையும் செய்யும் வேலை. எங்களால் முடிந்தது செய்தியைக் கடத்துவது மட்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து புதுக்கோட்டை மாவட்டத்தையும் உலுக்கியது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரம் தன் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். பிறகு டீசல் வேண்டும். சாலையில் மரம் கிடந்தால் டீசல் வராது. அப்படித்தான் ஊருக்கு ஊர் அடங்கிப்போயிற்று. எங்கள் ஆட்கள் கைக்கருவியோடு மூன்று இடங்களில் நின்று, யாருக்கு என்ன மருந்து தேவை என்பதைக் காரைக்குடிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரத்தில் நாங்கள் செய்த ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். புதுவயலை அடுத்த கண்டனூருக்குப் போக வேண்டிய இன்சுலின் பெட்டி, கண்டரமாணிக்கத்துக்குப் போய்விட்டது. இரைச்சலில் ‘கண்ட’ என்பது மட்டும் கேட்டிருக்கிறது. கேட்டவர் மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டார். கண்டவராயன்பட்டி என்று மூன்றாவதாக ஒரு ஊரும் நம் பக்கத்தில் இருக்கிறது. பெட்டி திரும்பி வந்து சேரும்போது இருட்டிவிட்டது. நோயாளி தப்பினார். அந்தப் பெட்டியைக் கொடுத்தனுப்பியது நான்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வட்டத்தில் ஒரு ஊர்ப் பெயரைத் தனியாகச் சொல்வதே இல்லை. “புதுவயல் கண்டனூர்” என்று பக்கத்து ஊரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் “சரி” என்ற பிறகுதான் வண்டி புறப்படும். சரியாகக் கேட்கவில்லை என்றால் ஆங்கிலத்தில் ‘சே அகெய்ன்’ என்பதுதான் ராணுவ வழக்கம். ‘ரிப்பீட்’ என்று சொல்லக்கூடாது. பீரங்கிப் படையில் அதற்கு “மறுபடியும் சுடு” என்று அர்த்தம். ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலத்துக்கு முன்பு, புரட்டாசியில், ஒரு முழு நாள் இதைப் பயிற்சியாகச் செய்கிறோம்.

பழனி பாதயாத்திரையில் உங்களைப் பார்த்தேனே?

ஆமாம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடி வழியாக நடந்து போகும் யாத்திரை பல நூறாண்டு வழக்கம். கூட்டத்தில் வயதானவர்கள் பிரிந்துபோவது உண்டு. இரண்டு இடங்களில் மேசை போட்டு, கைபேசிக்கு சார்ஜ் ஏற்றிக்கொடுக்கிறோம். அப்பச்சிகளின் பையில் வீட்டு எண்ணை எழுதிய துணிப்பட்டையைத் தைத்துவிடுகிறோம். இந்தத் துணிப்பட்டை எந்தக் கருவியையும்விட அதிகம் பயன்பட்டிருக்கிறது.

நவம்பரில் ஏன் வீடு வீடாகப் போகிறீர்கள்?

வாழ்நாள் சான்றிதழுக்காக. ராணுவ ஓய்வூதியம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற இணைய முறையில் வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதை உறுதி செய்யாவிட்டால் பணம் நின்றுவிடும். விரல்ரேகை தேய்ந்துபோன கைகள் கருவியில் பதிவதில்லை. அவர்களுக்கு முகத்தை வைத்துப் பதிவு செய்யும் செயலி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு போகிறோம்.

இதே மாதத்தில்தான் ஏமாற்றுக்காரர்களும் கிளம்புகிறார்கள். “ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், ஓ.டி.பி. சொல்லுங்கள்” என்று இந்தியில் அதிகாரமாகப் பேசுவார்கள். அந்தத் தோரணையைக் கேட்டதும் பழைய சிப்பாய் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லிவிடுகிறான். முப்பது ஆண்டுப் பழக்கம் அது. எங்கள் அறிவுரை ஒன்றுதான். அழைத்தவர் யார் என்று உறுதி செய்யாமல் வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை பேசியிருப்போமா? அப்படியே இங்கும் இருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். நேரம் கடத்தக் கடத்தப் பணத்தை நிறுத்திவைப்பது கடினமாகும்.

கணவர் இறந்துவிட்டார். நான் உங்களிடம் வரலாமா?

கட்டாயம் வாருங்கள், ஆச்சி. எங்கள் நேரத்தில் பெரும்பகுதி போவது குடும்ப ஓய்வூதிய வேலைகளில்தான்.

பெரும்பாலும் சிக்கல் ஓர் எழுத்தில் இருக்கும். கணவரின் ராணுவப் பதிவேட்டில் வள்ளியம்மை என்ற பெயர் ஆங்கிலத்தில் ஒரு ‘எல்’ போட்டு எழுதப்பட்டிருக்கும். ஆதாரில் இரண்டு ‘எல்’ இருக்கும். பிறந்த தேதியில் ஒரு வருடம் வித்தியாசம் இருக்கும். வடநாட்டு எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருப்பார். அன்று அதை யாரும் பார்க்கவில்லை. இன்று அந்த ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. ஓய்வூதிய ஆணை, பணிவிடுப்புப் புத்தகம், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கையும் எடுத்து வாருங்கள். மேசையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்போம். பிறகு விண்ணப்பம் எழுதி, சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு யாராவது ஒருவர் உங்களோடு வருவார்.

உயிரோடு இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் மனைவியின் பெயர் நான்கிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

கணவர் மறைந்த பிறகு அவருடைய நெட் எண்ணை நிறுத்துகிறோம் என்று சொன்னேன் அல்லவா? மனைவிக்குப் புது எண் தருகிறோம். புதன்கிழமை அழைப்பில் இப்போது ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நெட் நடத்துகிறார். என்னைவிடக் கறாராக நடத்துகிறார்.

வெளிநாடுகளில் இப்படி அமைப்புகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. அமெரிக்காவில் 1946-ல் தொடங்கிய ‘ஆஃப்சியா’ என்ற அமைப்பு புகழ் பெற்றது. படைத்துறைத் தகவல் தொடர்பு, மின்னணுவியல் ஆகியவற்றில் இருப்பவர்களின் தொழில்முறைச் சங்கம் அது. ஊருக்கு ஊர் கிளைகள் வைத்து, மதிய உணவுக் கூட்டம், தொழில்நுட்பச் சொற்பொழிவு, மாணவர்களுக்கு உதவித்தொகை என்று நடத்துகிறார்கள். படையினரும் அரசும் தொழில் நிறுவனங்களும் ஒரே மேசையில் உட்காரும் இடம். நம் நாட்டில் பொறியாளர்களுக்கு 1953 முதல் மின்னணு, தொலைத்தொடர்புப் பொறியாளர் நிறுவனம் இருக்கிறது. எங்களுக்கும் இந்த அமைப்புகளுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் உதவித்தொகை என்ற யோசனையை அவர்களைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டோம். ஆண்டுக்கு இரண்டு பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் புத்தகமும் பஸ் செலவும் தருகிறோம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தருகிறீர்கள்?

மே மாத விடுமுறையில் பத்து நாள். கானாடுகாத்தான் வீட்டில் முகப்புக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவே கம்பி இழுத்து, ராணுவம் களத்தில் பயன்படுத்திய பழைய புலத் தொலைபேசிகள் இரண்டை வைக்கிறோம். பக்கவாட்டில் கைப்பிடி இருக்கும். சுற்றினால் மறுமுனையில் மணி அடிக்கும். உள்ளே இருக்கும் சிறு ஜெனரேட்டர் மணிக்கான மின்சாரத்தைத் தருகிறது. பேச்சுக்கு இரண்டு பேட்டரிக் கட்டைகள் போதும். கோபுரமும் வேண்டாம், சிம் அட்டையும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் காத்திருக்கும் ஒரு ஏழு வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பதடி தள்ளி இருக்கும் தம்பியின் குரல் கம்பி வழியாக வந்ததும் அவள் எழுந்து ஓடிப்போய் இரண்டாம் கட்டில் அவன் உண்மையிலேயே இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

பெரிய பிள்ளைகளில் படையில் சேர நினைப்பவர்களிடம் உண்மையைச் சொல்கிறோம். 2022 முதல் அக்னிபத் முறையில் நான்கு ஆண்டுகள்தான் பணி. அதிகபட்சம் நான்கில் ஒருவர்தான் தொடர முடியும். ஆகவே சேரும்போதே கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும். ஆப்டிகல் ஃபைபர் இணைப்பு, கருவிப் பழுதுபார்ப்பு, நெட்வொர்க் வேலை ஆகியவற்றைக் கற்றுக்கொண்டால் நான்கு ஆண்டு கழித்து வெளியே வரும்போதும் வேலை காத்திருக்கும். அப்படி வருகிறவர்களும் எங்கள் நெட்டில் சேரலாம். இருபத்தைந்து வயதில் வந்தாலும் எங்களுக்கு அவர் முன்னாள் வீரர்தான்.

ராணுவ ரகசியம் பேசுவீர்களா? அரசியல்?

இரண்டும் கிடையாது. ஓய்வு பெற்றாலும் அலுவல் ரகசியச் சட்டம் எங்களுக்குப் பொருந்தும். எந்த யூனிட் எங்கே இருந்தது, என்ன கருவி, என்ன அலைவரிசை என்பதைப் பேசுவதில்லை. எல்லையில் பதற்றம் வரும்போது கைபேசியில் வந்து குவியும் படங்களையும் வதந்திகளையும் யாருக்கும் அனுப்புவதில்லை. உறுதி செய்யாத செய்தியைக் கடத்தியவனை எங்கள் தொழிலில் மன்னிக்க மாட்டார்கள்.

சந்தா எவ்வளவு? எப்படிச் சேர்வது?

ஆண்டுக்கு முந்நூறு ரூபாய். முடியாதவர்களிடம் கேட்பதில்லை. முப்படைகளில் எதில் தகவல் தொடர்பு வேலை செய்திருந்தாலும் சேரலாம். கணவரை இழந்த மனைவியரும் சேரலாம். இரண்டாம் ஞாயிறு காலையில் வாருங்கள். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. பணிவிடுப்புப் புத்தகத்தையும், உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் இரண்டு பேரின் தொலைபேசி எண்களையும் எழுதி எடுத்து வாருங்கள். வீட்டுக்குப் பின்வாசல் இருந்தால் அது எந்தத் தெருவில் திறக்கிறது என்பதையும் எழுதுங்கள். அடுத்த புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு உங்கள் எண்ணை அழைப்போம்.